வெறி முறிந்த பிறகு

வணக்கம் அண்ணா,

கள்ளுத் தவறணையைப் பற்றி நீங்கள் எழுதின கட்டுரையைத் தங்கச்சி போனிலை அனுப்பினவள். வாசிச்சுச் சிரிச்சன். பேந்து கோவம் வந்தது. பிளாவிலை கள்ளு ஊத்தேக்கை வாற நுரை, வாங்கிலை இருந்து அடிக்கிற பகிடி எல்லாம் வடிவா எழுதியிருக்கிறியள். அந்த நேரம் வீட்டிலை சோத்தை மூடி வைச்சுக்கொண்டு படலையைப் பாத்துக்கொண்டிருந்த பொம்பிளையைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதைச் சொல்ல மட்டும் இதை எழுதேல்லை. நான் மல்லாவிப் பக்கம். முன்பள்ளியிலை படிப்பிக்கிறன். அவர் மேசன். யுத்தம் முடிஞ்ச 2009க்கு முதல் அவர் பெரிசாக் குடிக்கிற ஆளில்லை. நல்லநாள் பெருநாளுக்குக் கள்ளு, அவ்வளவுதான். அகதி முகாமிலையிருந்து வந்து, இந்திய வீட்டுத்திட்டம் தொடங்கி, கையிலை நாட்கூலி புழங்கின பிறகுதான் பிடிச்சது. முதல் சாராயம், கடைசியிலை கள்ளமாக் காய்ச்சிற கசிப்பு. பத்து வருசத்துக்கு மேலை. அதை விவரிக்கேல்லை, உங்களுக்குத் தெரியும்.

போன வருசம் வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் அம்மாளுக்கு நேர்த்தி வைச்சு, அண்டைக்கே விட்டவர். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மூண்டாம் நாள் சுவரிலை பூச்சி ஊருது, ஆமி வருது, பங்கருக்குள்ளை இறங்குங்கோ எண்டு கத்தினார். பேய் பிடிச்சிட்டுது, பாக்கிறவரிட்டைக் கொண்டுபோங்கோ எண்டு சனம் சொல்லிச்சுது. நான் ஓட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனன். ஒன்பது நாள் வைச்சிருந்தவை. அதுக்குப் பிறகு பதினாலு மாசம், ஒரு சொட்டுத் தொடேல்லை.

ஊரெல்லாம் எனக்குக் கைகுடுக்குது. ஆனா வீட்டிலை இருக்கிறது நான் கட்டின மனிசனில்லை அண்ணா. தேங்காய் வாங்கின காசுக்கும் கணக்குக் கேக்கிறார். போன் அடிச்சால் ஆரெண்டு கேக்கிறார். மகன் ஓஎல் படிக்கிறான், அவன் பந்தடிக்கப் போனாலே சண்டை. குடிக்கிறவையைக் கண்டால் காறித் துப்புறார். விடிய நாலு மணிக்கு எழும்பித் தேவாரம், பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஒரு கதையுமில்லை, முத்தத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு றோட்டைப் பாத்தபடி. தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி. இப்ப லீசிங்கிலை ட்ரக்டர் எடுக்கப்போறன் எண்டு நிக்கிறார். அடிக்கிறேல்லை, அதையும் சொல்லவேணும். முந்தி அடிச்சவர்.

சீட்டுக்காசை நான் இப்பவும் அரிசிப் பானைக்குள்ளைதான் ஒளிச்சு வைக்கிறன். பழக்கம்.

என்ரை கேள்வி, இதுதானா இவற்றை உண்மையான குணம்? இவ்வளவு நாளும் குடி அதை மறைச்சு வைச்சிருந்ததா? குடிகாரருக்கெண்டு ஒரு குணம் இருக்குதெண்டு சனம் சொல்லுறது உண்மையா? போன மாசம் ஒருநாள், ஒரு கால் போத்தல் குடிச்சிட்டு வந்தாலாவது சிரிப்பார் எண்டு நினைச்சன். நினைச்ச உடனை அம்மாளை நினைச்சு அழுதன். நான் பாவியோ அண்ணா?

பேர் போடாதேங்கோ.

*

அன்புள்ள தங்கச்சி,

கோபம் நியாயம். அந்தக் கட்டுரையை என் மனைவியும் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு புட்டுக்குக் கறி இருக்கவில்லை.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நான் குடியை விட்டது 2013இல். விட்டு நாலாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, உப்புக் கூடிவிட்டது என்று ஒரு சட்டிக் கறியைத் தூக்கி முற்றத்தில் ஊற்றினேன். வெறியில்கூட அப்படிச் செய்ததில்லை. மனைவி அந்தச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், "தவறணை இன்னும் பூட்டியிருக்காது, ஒருக்காப் போட்டு வாங்கோவன்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தச் சொல்லுக்காக அவர் பாவியென்றால் நீங்களும் பாவி. குடிக்கிற மனிதனோடு பத்து வருடம் வாழ்ந்தவருக்கு அவனைக் கையாளத் தெரியும். எந்த நேரம் எது கேட்கலாம், எப்போது காசு எடுக்கலாம், எந்தப் பாட்டை முணுமுணுத்தால் நல்ல வெறி, எது கெட்ட வெறி. திடீரென்று அந்த அறிவெல்லாம் உதவாமல் போகிறது. பழைய ஆளைத் தேடுவது அதனால்தான்.

இனி குணம். நாங்கள் இந்தச் சொல்லைச் சரியான சோம்பலோடு பாவிக்கிறோம். பொய் சொன்னால் குடிகாரக் குணம், அழுதால் குடிகாரக் குணம், கடன் வாங்கித் தராவிட்டால் அதுவும். வெளிநாட்டு உளவியலாளர்களும் ஒரு காலத்தில் இதைத்தான் செய்தார்கள், கொஞ்சம் பெரிய சொற்களில். குடிக்கு அடிமையானவர்களைப் பிடித்து இருத்தி விசாரித்தார்கள். எல்லோரும் பயந்தவர்களாக, பிறரில் சாய்ந்து நிற்பவர்களாக, தங்களுக்குத் தாங்களே இரங்குபவர்களாகத் தெரிந்தார்கள். ஆகவே அந்தக் குணத்தால்தான் குடித்தார்கள் என்று எழுதினார்கள். கேட்டால் குடித்தவர்களும் ஓமென்றார்கள், எனக்குச் சின்ன வயதிலேயே மனம் சரியில்லை என்று. நானும் சொல்லியிருப்பேன். குடிக்கிறவன் தன் பழைய கதையைத் திருத்தி எழுதுவதில் சூரன்.

பிழை எங்கே என்று தெரிய, குடிக்கத் தொடங்க முதலே ஆட்களைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அது தற்செயலாக நடந்தது. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவர் 268 பேரை ஒரு குழுவும், பொஸ்ரன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த பையன்கள் 456 பேரை இன்னொரு குழுவும் வேறு வேறு காரணங்களுக்காகப் பின்தொடரத் தொடங்கின. அந்தப் பையன்களில் சிலர் வளர்ந்து குடிக்கு அடிமையானார்கள். சிலர் பிறகு விட்டார்கள். ஜோர்ஜ் வேலண்ட் என்ற உளமருத்துவர் இந்த இரண்டு கூட்டத்தின் பதிவுகளையும் எடுத்து வைத்து 1983இல் முடிவுகளை வெளியிட்டார். இளவயதுப் பதிவுகளைப் புரட்டினால், பின்னாளில் குடிகாரர் ஆனவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயந்தவர்களாகவோ துக்கப்படுபவர்களாகவோ சார்ந்து நிற்பவர்களாகவோ இருக்கவில்லை. அந்தக் குணங்கள் குடிக்குப் பிறகு வந்தவை. வண்டில் முன்னுக்கும் மாடு பின்னுக்குமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். முன்கூட்டியே கொஞ்சம் அடையாளம் காட்டியது குடும்பத்தில் குடி இருந்ததா என்பதும், அந்தச் சமூகம் எப்படிக் குடிக்கிறது என்பதும், சிலரில் சிறுவயதுக் குழப்படியும்தான்.

இதை வைத்துக்கொண்டு குணத்துக்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் பாயும் அவசர புத்தி முன்பே இருந்தால் ஆபத்துக் கூட. அடிமையானவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில், சராசரியாக, பதற்றமும் துக்கமும் கூடவும் ஒழுங்கு குறைவாகவும் தெரிகிறது. சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். என்னோடு வாங்கில் இருந்து குடித்தவர்களில் ஒருவர் தபாற்கந்தோரில் முப்பது வருடம் ஒரு சதம் பிசகாமல் கணக்கு வைத்தவர். ஒருவர் சண்டியன். ஒருவர் வாயே திறக்காதவர், செத்தபோதுதான் அவருக்கு நாலு பிள்ளைகள் என்று தெரிந்தது. இந்த மூவரையும் ஒரே குணத்துக்குள் அடக்க ஏலாது. 1981இல் சுவீடனில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து ரொபேர்ட் குளோனிஞ்சர் என்பவர் இரண்டு வகை பிரித்தார்: இளவயதிலேயே கிளுகிளுப்புக்காகக் குடித்துச் சண்டை பிடிக்கிறவர்கள், பிந்தி வந்து பயத்தையும் கவலையையும் அமத்தக் குடிக்கிறவர்கள். நிறையப் பேர் இரண்டிலும் ஒவ்வொரு காலை வைத்திருப்பார்கள் என்று பிறகு குறை சொன்னார்கள். என்றாலும் உங்கள் கடிதத்தை வாசிக்க, உங்கள் மனிசன் இரண்டாவது பக்கத்தில் நிற்பவராகத் தெரிகிறார்.

இந்த இடத்தில் வன்னிக்காரன் உடனே யுத்தத்தைக் கொண்டுவந்து வைப்பான். கொஞ்சம் பொறுங்கோ. நானும் அதைத்தான் செய்தேன். முள்ளிவாய்க்காலாலை வந்த பிறகு குடிக்காமல் என்ன செய்யிறது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கண்ணீர் விட்டிருக்கிறேன், போத்தலும் வாங்கியிருக்கிறேன். உண்மையில் நான் குடிக்கத் தொடங்கியது 1980களின் நடுவில், ஒரு கலியாண வீட்டின் பின்வளவில். ஷெல் பிறகு வந்தது. புலிகள் இயக்கத்தின் காலத்தில் கசிப்புக் காய்ச்சினால் தண்டனை என்பதால் கள்ளோடு நின்றிருந்தேன், அவ்வளவுதான். உங்கள் மனிசனின் கதை வேறு. அவருக்கு 2009 உண்மையிலேயே ஒரு எல்லைக்கோடு. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் உளமருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னியில் உடைந்தது தனித்தனி மனங்கள் மட்டுமல்ல, குடும்பம், அயல், நம்பிக்கை எல்லாம் சேர்ந்த ஒன்று என்று எழுதினார். குடி கூடினதையும் அதற்குள் வைத்தே பார்த்தார். அதோடு, நீங்களே எழுதியதுபோல, கூலிக்காசு. வீடு கட்டுகிற காலத்தில் மேசனுக்கு இருந்த கிராக்கி எனக்குத் தெரியும். பின்னேரம் காசு, பக்கத்தில் கடை, வீட்டில் கதைக்க முடியாத கதை.

அடுத்தது உடம்பு. இதைக் குணம் என்று எடுத்து ஏமாறுகிறவர்கள் அதிகம், நிதானமாகச் சொல்கிறேன். மது மூளையின் பிறேக்கை அமத்துகிறது. காபா என்ற இரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. நாள்தோறும் யாரோ பிறேக்கில் காலை வைத்திருந்தால் வண்டி ஓட என்ன செய்ய வேண்டும்? அக்சிலேற்றரை இன்னும் அமத்த வேண்டும். மூளையும் வருடக்கணக்கில் அதைத்தான் செய்கிறது. திடீரென்று குடியை நிறுத்தினால் பிறேக்கிலிருந்து கால் எடுபடும், அக்சிலேற்றர் அமத்தினபடி நிற்கும். முதல் நாளில் கைநடுக்கம், வியர்வை. சிலருக்கு வலிப்பு, பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். இரண்டாம், மூன்றாம், நாலாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி இல்லாதது தெரியும், பூச்சி ஊரும், ஆமி வரும். அது பேய் இல்லை, உயிரைக் குடிக்கக்கூடிய நோய். பாக்கிறவரிடம் போகாமல் நீங்கள் ஓட்டோ பிடித்ததால்தான் இன்று அவருடைய குணத்தைப் பற்றி நாங்கள் கதைத்துக்கொண்டிருக்கிறோம். இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு: நாள்தோறும் நிறையக் குடிக்கிறவர் நேர்த்தி வைத்து விடுவதென்றால் வைக்கட்டும், அம்மாள் ஏற்பா. ஆனால் முதல் நாலைந்து நாளும் வைத்தியரின் கண்ணில் இருக்க வேண்டும். தயமின் என்ற விற்றமின் ஊசி போடுவார்கள். அது சத்து ஊசியென்று நினைத்து வேண்டாமென்று சொல்லாதீர்கள், நினைவாற்றல் நிரந்தரமாகப் போகாமல் காப்பது அதுதான்.

அந்த வாரம் முடிந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அக்சிலேற்றர் முற்றாக இறங்க ஒரு வாரம் போதாது. மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், நித்திரை குழம்பும். சின்னச் சத்தத்துக்கு எரிச்சல் வரும். எதிலும் ருசி இராது. விடிய நாலு மணிக்கு எழும்புவதை நீங்கள் பக்தி என்று நினைக்கிறீர்கள். பக்தியாகவும் இருக்கலாம். எனக்கு நித்திரை மூன்றரைக்கே முறிந்துவிடும், பேசாமல் கிடந்தால் நினைவுகள் வரும், ஆகவே எழும்பிக் கிணற்றடிக்குப் போவேன். சீனியும் அப்படித்தான், போத்தலை விட்டவர்கள் நிறையப் பேர் இனிப்பைப் பிடிக்கிறார்கள். அதை விடுங்கோ, ஆனால் இரத்தத்தில் சீனியை ஒருமுறை சோதித்துப் பாருங்கோ.

கிணறு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2010இல் மீள்குடியேறி வந்தபோது எங்கள் கிணற்றுக்குள் தகரமும் ஓலையும் இன்னதென்று சொல்ல விரும்பாத சாமான்களும் கிடந்தன. மோட்டர் வைத்து இறைத்தோம். இறைக்க முதல் தண்ணீர் மேலுக்குத் தெளிவாகத்தான் இருந்தது. முதல்நாள் இறைத்த பிறகுதான் நாறத் தொடங்கியது. பக்கத்துக் காணிக்காரர் எட்டிப் பார்த்து, "சும்மா விட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் போலை" என்றார்.

கணக்குக் கேட்பதற்கும் சந்தேகத்துக்கும் வருகிறேன். இதில் நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

விட்டு இரண்டு வருடம் கழித்து நான் பழைய கடன்களை அடைக்கப் புறப்பட்டேன். அந்த யோசனை என்னுடையதில்லை. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் பங்குத்தரகர் பில் வில்சனும் சத்திரசிகிச்சை வைத்தியர் பொப் ஸ்மித்தும், இருவரும் குடியில் மூழ்கி எழும்பினவர்கள், தொடங்கிய பெயர் சொல்லாக் குடியர் சங்கத்தின் பன்னிரண்டு படிகளை யாரோ எனக்குத் தந்திருந்தார்கள். அவர்களுடைய கடவுள் பேச்சு எனக்கு முழுக்கப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். குடியின் முன் நான் தோற்றேன் என்று முதற்படியில் சொன்னதோடு மதுவைப் பற்றிய பேச்சு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் தன்னைத் தோண்டிப் பார்ப்பது, தீங்கு செய்தவர்களின் பெயர்களை எழுதுவது, ஏலுமானவரை போய் ஈடுசெய்வது. குடியை விட்டால் மட்டும் போதாது என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. குடிக்காமல் இருந்தும் குடிகாரனின் வன்மத்தோடும் தன்னிரக்கத்தோடும் திரிகிறவனுக்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு, "காய்ந்த குடிகாரன்" என்பதுபோல. மனதில் வைத்து அரைக்கிற கோபம்தான் திரும்பவும் குடிக்க வைப்பதில் முதலாவது என்பது அவர்களின் அனுபவம். உங்கள் மனிசன் குடிக்கிறவர்களைக் கண்டு துப்புவதை அந்தக் கண்ணோடு பாருங்கோ. அவர் துப்புவது போன வருடத்து ஆளை.

கடனுக்கு வருவோம். எங்களுக்குக் கள்ளுச் சீவித் தந்தவரிடம் போனேன். எவ்வளவென்று எனக்கே தெரியாது, ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுபோனேன். அவர் முட்டியைக் கழுவிக்கொண்டே, "உங்கடை கணக்கிலை ஒண்டுமில்லை. அக்கா மாசாமாசம் குடுத்திடுவா" என்றார். எத்தனை வருடமாக? "முகாமாலை வந்த நாள் தொட்டு." கோழி விற்ற காசு, தையல் காசு. ஊரில் என் மானம் போகக்கூடாதென்று. வீட்டுக்கு வந்து நன்றி சொல்லவில்லை நான். கத்தினேன். என்னை எவ்வளவு காலம் ஏமாற்றியிருக்கிறாய் என்று கத்தினேன். வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் பொய் சொன்ன மனிதன் நான்.

குடிக்கிற வீட்டில் குடிக்கிறவனுக்கு மட்டும் குணம் மாறுவதில்லை. மறைப்பதும், முகம் பார்த்துக் கதைப்பதும், ஒன்றைச் சொல்லி ஒன்றைச் செய்வதும் எல்லோருக்கும் வருகிறது, பிள்ளைகளுக்கும். நீங்கள் ஒளித்ததால்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. அது குற்றமில்லை. ஆனால் அரிசிப் பானைக்குள் இன்றைக்கும் காசு இருக்கிறது. அது இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், குடித்தவனுக்கு வீட்டில் காசு எங்கே இருக்கும் என்பது மணத்திலேயே தெரியும். எடுக்கவில்லை. கணக்குக் கேட்கிறார். பத்து வருடம் நீங்கள் தனியாக ஓட்டிய வீட்டுக்குள் தனக்கு எந்தக் கதிரை என்று அவருக்குத் தெரியவில்லை, தேங்காய்க் காசிலிருந்து தொடங்குகிறார். காசை வெளியே எடுத்து வையுங்கோ என்று சொல்ல மாட்டேன். பதினாலு மாதம் சின்னக் காலம். அது உங்கள் காவல், நீங்கள் நினைக்கிறபோது எடுங்கோ.

போன் சந்தேகம் வேறு. அது கூடினாலோ, பின்தொடர்ந்தாலோ, கை ஓங்கினாலோ, அதைக் குடி விட்டதன் பின்விளைவு என்று பொறுக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பொலிசில் சிறுவர் பெண்கள் பிரிவு இருக்கிறது. விட்டவன் என்பதற்காக ஒருவருக்கும் சலுகை இல்லை.

இனி அந்த ஆறு மணிக் கதிரை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் பிடித்து வைத்தது அதுதான். தவறணைக் கட்டுரையில் நான் நுரையை எழுதினேன், பகிடியை எழுதினேன். ஏன் எழுதினேன் என்பதை எழுதவில்லை. நாங்கள் செத்தவர்களைப் பற்றிக் கதைத்த ஒரே இடம் அது. வீட்டில் கதைத்தால் பெண்கள் அழுவார்கள், பிள்ளைகள் பயப்படுவார்கள். வெளியில் கதைத்தால் யார் கேட்டுக்கொண்டு நிற்கிறானோ தெரியாது. தவறணையில் இரண்டு பிளா இறங்கினால் ஒருவன், இரட்டைவாய்க்காலிலை தம்பியை விட்டிட்டு வந்தன் என்பான். மற்றவன் ஒன்றும் சொல்லாமல் ஊற்றிக் கொடுப்பான். மறுநாள் ஒருவருக்கும் ஞாபகமில்லை, அதாவது ஞாபகமில்லை என்று எல்லோரும் நடிப்போம். வெறியில்லாமல் இதைக் கதைக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குடியை விட்ட அன்றைக்கு நான் அந்த இடத்தையும் விட்டேன். ஒரு செத்த வீட்டுக்குப் போனால்கூடப் பின்வளவில் போத்தல் இருக்கும், முன்பந்தலில் பெரியவர்கள் இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு நான் இருந்திருக்கிறேன்.

உங்கள் மனிசன் வலிப்புக்குப் பிறகு பங்கருக்குள்ளை இறங்குங்கோ என்று கத்தினதை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தக் கதையை வெறியில்லாமல் அவர் யாருக்காவது சொல்லியிருக்கிறாரா? உங்களுக்கு? நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள். நீங்கள் யாருக்குச் சொன்னீர்கள்?

மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் குடிக்கென்று மட்டும் பார்ப்பதில்லை. நித்திரையும் எரிச்சலும் பேச்சின்மையும் பதினாலு மாதம் நிற்கிறதென்றால் மனச்சோர்வா, யுத்தத்தின் வடுவா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்தும் கதையும் இருக்கிறது. வாழ்ந்து என்ன என்பதுபோல ஏதும் சொன்னால் ஒருநாளும் தாமதிக்காதீர்கள். போக மறுத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கதைக்கலாம், இரவிலும் எடுக்கலாம். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் குளிசையைப் பற்றி யாராவது வந்து சொல்வார்கள், திரும்பக் குடித்துவிடுவார் என்று உங்களைப் பயப்படுத்தி. அந்தக் குளிசையின் பெயர் டைசல்பிராம், அது உடம்பில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து சாகலாம். அவர் அறிந்து விழுங்கினால் மருந்து. மறைத்துக் கொடுத்தால் அரிசிப் பானையைவிடப் பெரிய பொய்.

ட்ரக்டர் வேண்டாம். லீசிங்காரன் வாசலில் நிற்கிற வீட்டில் யாருக்கும் நித்திரை வராது. ஆனால் அந்த ஆசையை நான் மதிக்கிறேன். வேலண்ட் சொன்ன இன்னொரு விசயம், விட்டு நிலைத்து நின்றவர்களிடம் நாலில் குறைந்தது இரண்டு இருந்ததாம்: குடிக்குப் பதிலாக வேறொன்றில் பிடிப்பு, தவறினால் உடனே வலிக்கிற ஒரு கண்காணிப்பு, புதிய உறவு, நம்பிக்கை தருகிற ஒரு கூட்டம் அல்லது வழிபாடு. அவருக்குத் தேவாரம் இருக்கிறது. நேர்த்தி இருக்கிறது, அதுவும் ஒரு கண்காணிப்புத்தான், அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறா. குறைவது ஆட்கள்.

முதற் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. இதுதானா அவருடைய உண்மையான குணம்? பாதி இல்லை என்று நினைக்கிறேன். பதற்றமும் எரிச்சலும் குடி விட்டவர்களில் காலத்தோடு இறங்குவதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன, என் வீட்டிலும் மூன்றாம் வருடத்தில்தான் சட்டிகள் தப்பின. மற்றப் பாதி அவருடையதாகவே இருக்கலாம். கணக்கு வழக்கில் கறாரான, அதிகம் கதைக்காத, மகனுக்காகப் பயப்படுகிற ஒரு மனிதன். 2009க்கு முதல் எப்படி இருந்தார் என்று உங்கள் மாமியாரிடம் கேட்டுப் பாருங்கோ. நீங்கள் கலியாணம் கட்டியது அந்த ஆளைத்தானா, அல்லது நல்லநாள் கள்ளுக்குப் பிறகு சிரிக்கிற ஆளையா என்பது எனக்குத் தெரியாது. குடியை விட்டார் என்பதற்காக அவருடைய எல்லாக் குணத்தையும் நீங்கள் விரும்ப வேண்டும் என்று சட்டமில்லை. ஊர் கைகொடுத்துவிட்டுப் போய்விடும்.

இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டுவதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். காட்டாவிட்டாலும் ஒன்று மட்டும் சொல்லுங்கோ. எங்கள் கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் வெடித்துப் போயிருக்கிறது, போன மாரியோடு இன்னும் விரிந்துவிட்டது. இங்கத்தை மேசன்மார் சின்ன வேலையென்று வருகிறார்களில்லை. மூன்று நாள் வேலை இருக்கும். நாட்கூலி என்னவோ அதைத் தருகிறேன், பஸ் காசும். மத்தியானச் சாப்பாடு என் மனைவியின் கை. ஆறு மணிக்கு வேலை முடிந்தால் முற்றத்தில் இரண்டு கதிரை இருக்கிறது. சீனி எத்தனை கரண்டி என்றாலும் போடலாம்.